மச்சாது காது

சாவியை எடுத்து வர இவ்வளவு நேரம் ஆகாது. பக்கத்து அறையில்தான் இருக்கிறது, இதோ வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள் அந்தப் பெண். தமயந்தி, டாக்டர் தமயந்தி என்று கதவில் பலகை இருக்கிறது, ஊசி போடுகிற டாக்டர் இல்லை, படித்து வாங்கின டாக்டர், இந்த அருங்காட்சியகத்துக்கே அவள்தான் பொறுப்பு. பொறுப்பில் இருப்பவளுக்குச் சாவி இருக்கிற இடம் தெரியாமலா போகும். அச்சில் வார்த்த முகங்கள் வைத்திருக்கிற அறை கூடத்தின் கோடியில் பூட்டிக் கிடக்கிறது, நானும் லியோன் அண்ணனும் அதற்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறோம், நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கிற கதவு இது ஒன்றுதான், ஆனால் வெள்ளைக்காரன் கட்டின கட்டடத்தில் ஓர் அறைக்கு ஒரு கதவு என்று கிடையாது, பின்னால் இன்னொன்று இருக்கும், அந்த வழியாகப் போய் முகங்களை இடம் மாற்றி வைக்கிறாளோ என்னவோ. மாற்றி வைத்து அவளுக்கு என்ன ஆகப்போகிறது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. எண்பதை நெருங்குகிற கிழவன் ராத்திரி முழுக்க ரயிலில் வந்திருக்கிறானே, வெறுமனே அனுப்ப வேண்டாம், ஏதாவது ஒரு முகத்தைக் காட்டி இதுதான் உங்கள் அப்பா என்று சொல்லிவிடுவோம் என்று இரக்கப்பட்டிருக்கலாம். இரக்கப்படுகிறவர்களிடம்தான் நான் அதிகம் பயப்படுவேன். உப்பளத்தில் மூட்டைக்கணக்கு எழுதிய காலத்தில், பாவம் என்று ஒரு மூட்டையைக் கூட்டி எழுதுகிறவனால்தான் கணக்கு எப்போதும் உதைக்கும், திருடுகிறவனால் அல்ல. தலைக்கு மேலே திமிங்கலத்தின் எலும்புக்கூடு கம்பிகளில் தொங்குகிறது. "ஏல சூசை, இதப் பாத்தியா, நம்ம கோயில் நீளம் இருக்கு. ஒரு கொழம்பு வச்சா கோயிலுப் பங்குச் சனம் அத்தனைக்கும் காணும்" என்கிறார் லியோன் அண்ணன். நான் சிரிக்கவில்லை. ரயில் ஏறினதிலிருந்து அவர் என்னைச் சிரிக்கவைக்கப் பார்க்கிறார், கீழ்ப் படுக்கையை எனக்கு விட்டுக்கொடுத்துவிட்டு எண்பத்து நாலு வயதில் மேலே ஏறினார், காலையில் எனக்கு முன்னால் எழுந்து டீ வாங்கி வைத்திருந்தார். எதற்கு? என் பெரியப்பா மகன், ஒரே தெரு, இத்தனை வருஷத்தில் எனக்கு ஒரு டீ வாங்கித் தந்ததாக ஞாபகம் இல்லை. இன்றைக்கு அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவேண்டியிருக்கிறது, அந்த வார்த்தையை என்னவாகச் சொல்வது என்று அவர் ஏற்கெனவே முடிவுசெய்துவிட்டார், அதற்குத்தான் டீ.

அப்பாவின் முகத்தை நான் பார்த்ததில்லை. உலகத்தில் இன்றைக்கு உயிரோடு இருக்கிறவர்களில் பார்த்தவர் லியோன் அண்ணன் ஒருவர்தான், அவருக்கும் அப்போது அஞ்சு வயது. யுத்தம் முடிந்த வருஷம் இந்தப் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பேராசிரியர் ஆட்களோடு எங்கள் ஊருக்கு வந்தாராம், சங்கு குளிக்கிறவர்களின் மார்பையும் மண்டையையும் நாடா வைத்து அளந்தாராம், பிறகு பன்னிரண்டு பேரைப் பொறுக்கியெடுத்து மணலில் மல்லாக்கப் படுக்கவைத்து, முகத்தில் எண்ணெய் தடவி, எலும்பு முறிந்தால் கட்டுப் போடுகிற அந்த மாவைக் குழைத்து ஊற்றி அச்செடுத்தாராம். பன்னிரண்டில் ஒருவர் என் அப்பா தொம்மை மச்சாது. அதற்கு அடுத்த சங்குக் காலத்தில் அப்பா முங்கினார், எழவில்லை, உடலும் ஒதுங்கவில்லை. நான் அம்மா வயிற்றில் இருந்தேன். வீட்டில் ஒரு படம் கிடையாது. கல்லறைத் திருநாளில் எல்லோரும் அவரவர் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றும்போது அம்மா நடுவில் இருக்கிற பெரிய சிலுவையடியில் ஏற்றுவாள், அங்கே ஏற்றுவது யாருமற்றவர்களுக்காக. அச்செடுத்த நாளைப் பற்றி அம்மா ஒரு கதை சொல்வாள், மூச்சு விடுவதற்கு மூக்கில் கோரைத்தண்டு செருக வந்தார்களாம், அப்பா தள்ளிவிட்டு எனக்கு வேண்டாம், நான் சங்கு குளிக்கிறவன், மாவு காயும் வரைக்கும் தம் பிடிப்பேன் என்றாராம். சின்ன வயதில் அந்தக் கதை எனக்குப் பெருமையாக இருந்தது. அப்புறம் என் மகளுக்குக் கை முறிந்து மாவுக்கட்டுப் போட்டபோது அது காய்கிற நேரத்தைப் பார்த்தேன், எந்த மனிதனாலும் அவ்வளவு நேரம் தம் பிடிக்க முடியாது. ஒன்று அப்பா அம்மாவிடம் பொய் சொன்னார், இல்லை அம்மா என்னிடம் சொன்னாள். ஒரு கதையில் பொய் சொன்னவள் இன்னொன்றில் ஏன் சொல்லமாட்டாள் என்று அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் நினைத்தேன், நினைத்த கையோடு சிலுவை போட்டுக்கொண்டேன். நான் ஏழு மாதத்தில் பிறந்தவன் என்பாள் அம்மா. அப்பா கொழும்புத் துறைமுகத்து வேலையை விட்டு ஊர் திரும்பின மாதத்தையும் நான் பிறந்த மாதத்தையும் வைத்துப் பார்த்தால் ஏழு மாதமாக இருந்தால்தான் கணக்கு நேராகும். ஏழு மாதத்துப் பிள்ளைக்கு நல்ல எடை என்று மருத்துவச்சி ஊரெல்லாம் சொன்னாளாம். சூசை என்று பெயர் வைத்தாள். பங்குனியில் பிறந்தாய், சூசையப்பர் மாதம், அதனால் வைத்தேன் என்றாள். சூசையப்பர் மாதாவின் பிள்ளையை வளர்த்தவர், பெற்றவர் இல்லை. இதை நான் யாரிடமும் கேட்டதில்லை, பூசை நேரத்தில் பீடத்தில் நிற்கிற அவரைப் பார்க்கும்போது மட்டும் கேட்பேன், அவர் லீலிப் பூவைப் பிடித்துக்கொண்டு சும்மா நிற்பார்.

காதைப் பற்றிச் சொன்னது லியோன் அண்ணன்தான். அவர் தங்கச்சி கலியாணத்தில், பெண்ணைக் கோயிலுக்கு அழைத்துப்போக அண்ணன் தம்பிமார் வரிசையாக நின்றார்கள், நானும் போய் நின்றேன், அண்ணன் குடித்திருந்தார், என்னைப் பார்த்துச் சொன்னார்: "மச்சாது காது இல்லாதவனுக்கு மச்சாது வரிசையில என்னல எடம்?" கொட்டு அடித்துக்கொண்டிருந்தது, இருந்தும் எல்லோருக்கும் கேட்டது. எங்கள் பெரியப்பாவுக்கு, அவர் பிள்ளைகளுக்கு, பேரன்மாருக்கு எல்லாம் காதின் சோணை கீழே தொங்கும், பிடித்து ஆட்டலாம் போல. எனக்குச் சோணையே கிடையாது, காது அப்படியே கன்னத்தில் ஒட்டிக்கொண்டு இறங்கிவிடும். அம்மாவுக்கும் தொங்குகிற காதுதான். வரிசையிலிருந்து விலகிப் பின்னால் போனேன். அதற்குப் பிறகு அவர் அதைச் சொன்னதில்லை, மறுநாளே மறந்தும் போயிருப்பார், நான் மறக்கவில்லை. கோயிலில் எப்போதும் கடைசி பெஞ்சில் உட்காருகிறவன் நான், அங்கிருந்து யார் முகமும் தெரியாது, காதுகள்தான் தெரியும். தொங்குகிற காதுக்காரர்கள், ஒட்டின காதுக்காரர்கள். ஊரில் மூன்றில் ஒருவருக்கு ஒட்டின காது, அது ஒன்றும் அதிசயமில்லை என்று எனக்குத் தெரியும், தெரிந்தும் பிரசங்கம் முடிவதற்குள் ஒட்டின காதுள்ள கிழவர்களை ஒவ்வொருவராகப் பார்த்து, இவரா, இவரா என்று ஓடும். நற்கருணை வாங்கப் போகிற மனிதன் நினைக்கிற நினைப்பா இது. என் பெண்சாதி பிலோமியிடம் ஒருமுறை சொன்னேன். "காதுல என்ன இருக்கு, கேக்குதுல்ல, போதும்" என்றாள். அவளும் போய்ச் சேர்ந்துவிட்டாள். இப்போது போன பெரிய வெள்ளிக்கு முன்னால் சாமியார் பூசை முடிந்ததும் அறிவிக்கிறார், பட்டணத்துப் பல்கலைக்கழகத்திலிருந்து பேசினார்கள், நம் ஊரார் பன்னிரண்டு பேருடைய முகத்தின் அச்சு அங்கே இருக்கிறதாம், சொந்தக்காரர்கள் யாராவது இருக்கிறார்களா என்று கேட்கிறார்கள். பெயர்களை வாசித்தார். தொம்மை மச்சாது என்று கேட்டதும் நான் எழுந்து நின்றுவிட்டேன், கடைசி பெஞ்சில் இருந்ததால் யாரும் பார்க்கவில்லை. முகத்தின் பக்கத்தில் காது இருக்கும்.

அந்தப் பெண் போனில் ஒன்று சொன்னாள், அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. பழைய இடத்தில் மழைத்தண்ணீர் புகுந்து சாமான்களை இங்கே மாற்றினபோது இரண்டு முகங்களின் சீட்டு ஊறிப் பிய்ந்துவிட்டதாம். பத்து முகத்துக்குப் பெயர் இருக்கிறது, மிச்சம் இரண்டு முகம், இரண்டு பெயர், தொம்மை மச்சாது, பிச்சையா ரோச்சு. ரோச்சு வீட்டார் அந்தக் காலத்திலேயே கண்டிக்குப் போனவர்கள், ஒரு துப்பும் இல்லை. "உங்க அப்பாவைப் பார்த்தவங்க யாராவது இருந்தா கூட்டிக்கிட்டு வாங்க ஐயா, அவங்க சொன்னா போதும்." அவங்க சொன்னா போதும். நான் போய் லியோன் அண்ணன் வீட்டு வாசலில் நின்றேன், அவர் ஏன் என்று கேட்காமல் சட்டையை மாட்டிக்கொண்டார், கேட்டிருந்தால் எனக்கு இவ்வளவு சந்தேகம் வந்திருக்காது. பன்னிரண்டில் பத்து சரியாக இருந்து, போனது அப்பாவின் சீட்டாக ஏன் இருக்கவேண்டும். இந்த இடமும் எனக்கு நம்பிக்கை தரவில்லை. சுற்றிலும் கண்ணாடி அலமாரிகள், சாராயம் ஊற்றின சாடிகளுக்குள் மீன்கள் வெளுத்துக் கிடக்கின்றன, எங்கள் கடல் மீன்தான், மஞ்சளாக இருக்கவேண்டியது, சிவப்பாக இருக்கவேண்டியது, எல்லாம் ஒரே சோற்றுக்கஞ்சி நிறம். இந்தக் காட்சியகத்தை ஆரம்பித்தவர் ஒரு வெள்ளைக்காரப் பேராசிரியர், அவர் வீட்டில் வைத்திருந்த சிப்பிப் பெட்டிகளில் தொடங்கினது இது, நூற்று இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது என்று வாசல் பலகையில் எழுதியிருக்கிறது. பிறகு ஒவ்வொரு பேராசிரியரும் ஒவ்வொன்றைக் கொண்டுவந்து சேர்த்தார்கள், ஒருவர் கல், ஒருவர் பறவை, ஒருவர் முகம். தனிக் கண்ணாடிக்குள் ஒரு வலம்புரிச் சங்கு, பக்கத்தில் விளக்கு. லியோன் அண்ணன் எழுந்து போய்க் குனிந்து பார்க்கிறார். "மாவுல செஞ்சது" என்கிறார். "எப்படிச் சொல்லுதிய" என்றேன். "நெசத்த இப்படி எல்லாருக்கும் தெரிய வெளக்குப் போட்டு வப்பானா?" என்று திரும்பி வந்து உட்கார்ந்தார். அவர் காது ஜன்னல் வெயிலில் சிவப்பாகத் தெரிகிறது, சோணை வயதில் இன்னும் இறங்கியிருக்கிறது. இப்போது அவர் உள்ளே போய் எந்த முகம் என்னைப்போல் இல்லையோ அதைக் காட்டி, இதான் எங்க சித்தப்பா என்பார். அவ்வளவுதான். அன்றைக்குக் கொட்டுச் சத்தத்தில் சொன்னது இன்றைக்குப் பல்கலைக்கழகத்தில் அச்சாகி நிற்கும். வராமலே இருந்திருக்கலாம்.

வந்துவிட்டாள். "மன்னிச்சுக்கோங்க ஐயா, கொத்துல இருந்து இதை மட்டும் யாரோ கழட்டி வச்சிருக்காங்க" என்று சாவியைக் காட்டுகிறாள். யாரோ. கதவு திறக்கிறது, உள்ளே சுண்ணாம்பு அடித்த புது வீட்டு வாசம், அவள் துணியை விலக்குகிறாள், பன்னிரண்டு பேர். தலைமுடி இல்லை, மீசை இல்லை, நெற்றியில் தொடங்கித் தாடையில் முடிகிறார்கள், எல்லோரும் கண்ணை மூடியிருக்கிறார்கள், பூசையில் சாமியார் அப்பத்தை உயர்த்துகிற எழுந்தேற்றத்தின்போது தலையைக் குனியாமல் கண்ணை மட்டும் மூடுவார்களே அப்படி. சீட்டு இல்லாத இரண்டையும் அவள் தனியாக முன்னால் வைத்திருக்கிறாள், இடது பக்கத்து முகம் அகலம், வலது பக்கத்து முகம் ஒடுங்கினது, இரண்டும் இருபத்தைந்து வயதுக்கு மேல் போகாது. அப்பா என்னைவிடச் சின்னவர் என்பது எனக்கு இதுவரை தோன்றவே இல்லை, என் பேரன் வயது. நான் முகத்தைப் பார்க்கவில்லை, காதைப் பார்த்தேன். இடது முகத்தின் காது கன்னத்தில் ஒட்டியிருந்தது. சோணை இல்லை. என் கை தானாகப் போய் என் காதைத் தொட்டது, அதே வளைவு, மேலே அதே மடிப்பு. அம்மா, என்றேன், சத்தமாக இல்லை. பக்கத்தில் லியோன் அண்ணன் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ரொம்ப நேரம் குனிந்து நின்றார். பிறகு நிமிராமலே சொன்னார்: "ஒன் காதுதான்ல சூசை. அப்படியே ஒன் காது. அன்னைக்கு நான் சொன்னது தப்பு." மறக்கவில்லை அவர். இத்தனை வருஷம் அவரும் அதைச் சுமந்துகொண்டுதான் எதிர்ச்சாரியில் நடந்திருக்கிறார். நான் கேட்க நினைத்த வார்த்தை அதே வாயிலிருந்து வந்துவிட்டது, அழவேண்டும் போல இருந்தது, அழுதிருப்பேன், ஆனால் என் கண் பழக்கதோஷத்தில் வலது முகத்துக்குப் போயிற்று. அங்கேயும் ஒட்டின காது. அதற்குப் பின்னால் இருந்த முகம், அதற்குப் பக்கத்து முகம். மேல் மடிப்பு அதே, வளைவு அதே. கடைசி வரைக்கும் பார்த்தேன். பன்னிரண்டு பேருக்கும் ஒரே காது.

சொல்லாமல் விட்டுவிடலாமா. சொல்லாமல் விட்டால் லியோன் அண்ணன் ஊருக்குப் போய்ச் சொல்வார், காது சரியாக இருக்கிறது என்பார், கோயில் வாசலில் நின்று சொல்வார், என் மகளின் காதில் விழும். கூட்டி எழுதின ஒரு மூட்டை. யாருக்கும் நஷ்டமில்லை. இருந்தும் என் நாக்கு எனக்கு அடங்கவில்லை. "அண்ணே, மத்ததையும் பாருங்க. எல்லாருக்கும் ஒரே காது." அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பாத்தேன்ல. உள்ள வரும்போதே பாத்தேன். பன்னெண்டு பேருக்கும் ஒரே கடையில வாங்குன காது." "பெறகு ஏன் அப்படிச் சொன்னிய?" "நீ ஏம்ல பாத்த? குடுத்தத வாங்கி வச்சுக்கிட்டா என்ன, எல்லாத்தையும் எண்ணிப் பாத்தாத்தான் ஒனக்குத் தூக்கம் வருமோ?" தமயந்தி சிரித்தாள், எங்களுக்குள் விளையாட்டு என்று நினைத்துக்கொண்டாள். காதுக்கு அச்சு எடுக்கமாட்டார்களாம், மாவு காது மடலுக்குள் போய் இறுகினால் எடுக்கும்போது முடியும் தோலும் வந்துவிடும், அதனால் துணியை வைத்து மூடிவிடுவார்கள், இங்கே வந்த பிறகு ஒரு ஜோடி காதைச் செய்து எல்லா முகத்துக்கும் ஒட்டிவிடுவார்கள். "யார் காது அது?" என்று லியோன் அண்ணன்தான் கேட்டார். "அச்சு எடுத்தவரோட சொந்தக் காதுன்னு எங்க பழைய பேராசிரியர் சொல்லுவாரு. அச்சு எடுத்தவர் சிற்பம் படிச்சவர், அளக்க வந்த பேராசிரியரோட எல்லா ஊருக்கும் போனவர். கண்ணாடியைப் பார்த்து அவர் காதையே செஞ்சுட்டாராம்." அவள் சிரித்தாள். நாங்கள் சிரிக்கவில்லை. என் கை இன்னும் என் காதில்தான் இருந்தது, எடுத்தேன். அதே வளைவு, அதே மடிப்பு. அம்மாவின் கதையில் அந்த ஆள் எப்போதும் இருந்தான், நான்தான் பேராசிரியரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன். வந்தவர்களுக்கு எங்கள் தெருப் பெண்கள்தான் சோறாக்கிப் போட்டார்கள், அம்மாவும் போனாள். மாவு குழைக்கிறவருக்கு விரலெல்லாம் வெடித்திருக்கும், பாவம், குழம்பு பட்டால் எரியும், மோருஞ்சோறுதான் சாப்பிடுவார் என்பாள் அம்மா. தம் பிடித்த கதையைச் சொல்லும்போதெல்லாம் அதையும் சொல்வாள். மோருஞ்சோறு. எத்தனை தடவை சொல்லியிருக்கிறாள், ஒருதடவையும் எனக்கு உறைக்கவில்லை. ஒரு மனிதனின் விரல் வெடித்திருந்ததைச் சொல்வது பாவமா, இரக்கப்பட்டாள், அவ்வளவுதானே, மூன்றில் ஒருவருக்கு இந்தக் காது உண்டே, நீயே எண்ணினாயே, ஏன் இப்போது எண்ணிக்கை உனக்குப் போதவில்லை.

"நான் சித்தப்பா தோள்லதான்ல இருப்பேன்" என்றார் லியோன் அண்ணன் திடீரென்று. தமயந்தியைப் பார்த்துச் சொன்னார், எனக்காகச் சொன்னார். "மொகம் எனக்கு ஞாபகம் இல்லம்மா, உள்ளத ஒத்துக்கிடுதேன். கரையிலருந்து வீடு வரைக்கும் தோள்ல வச்சுத் தூக்கிட்டு வருவாரு, காதப் புடிச்சுக்கிடுவேன். புடியே கெடைக்காது. கீழ ஒண்ணுமே இருக்காது, வழுக்கும், பெறகு முடியப் புடிப்பேன். எங்கப்பா தோள்ல இருந்தா காதுல நல்லாத் தொங்கிக்கிடலாம். எங்க பூட்டி வழியில அப்படி உண்டும்பாங்க." அவர் குரல் ஆடவில்லை. கலியாணத்து அன்றைக்கும் ஆடவில்லை. இரண்டில் ஒன்று பொய். கையில் இந்த ஞாபகம் இருந்தும் குடிவெறியில் அன்றைக்கு அப்படிச் சொன்னாரா, இல்லை, அந்தப் பெண் சொன்னதைக் கேட்டதும் எனக்கு முன்னாலேயே கணக்குப் போட்டு முடித்து, நான் போட்டு முடிப்பதற்குள் ஒரு தோளை உண்டாக்கி அதில் ஏறி உட்கார்ந்துகொண்டாரா. அவர் முகத்தைப் பார்த்தேன். எனக்கு முகங்களைப் படிக்கத் தெரியாது, கடைசி பெஞ்சுக்காரன். தமயந்தி குறிப்பு எழுதத் தயாராக நின்றாள். "அப்போ இந்த ரெண்டுல எதுன்னு போடலாம் ஐயா?" லியோன் அண்ணன் என் முழங்கையை இடித்தார். "ஒண்ணக் காட்டுல. ரெண்டு பேரும் எந்திரிச்சு வந்து சண்டைக்கா நிக்கப் போறானுவ." இடது பக்கத்து அகல முகம் எனக்குப் பிடித்திருந்தது, தாடை என் மகளுக்கு அப்படித்தான். பிடித்திருந்ததால் அதன்மேல் சந்தேகம் வந்தது. நான் கை நீட்டினால் மிச்சமிருக்கிறவர் பிச்சையா ரோச்சு ஆகிவிடுவார், கண்டியில் எங்கேயோ ஒரு கிழவன் இருக்கலாம், அவனும் முகம் பார்க்காதவனாக இருக்கலாம், என்றைக்காவது வந்தால் என் அப்பாவைக் காட்டி உன் அப்பா என்பார்கள், அவனும் பார்த்துப் பார்த்து ஏதாவது ஒரு சாயலைக் கண்டுபிடித்துக்கொள்வான். "வேண்டாம்மா. தெரியலன்னு இருக்கட்டும். ரெண்டு பேரும் ரெண்டு பேருக்கும் பொதுவா இருக்கட்டும்" என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் ஏமாற்றம் இருந்தது, மரியாதையும் இருந்தது போலத் தோன்றியது, நம்பவில்லை. "வேற ஏதாவது தெரிஞ்சுக்கணுமா ஐயா? அந்தப் பயணத்தைப் பத்தி எல்லாமே இங்க குறிச்சு வச்சிருக்காங்க. எப்ப வந்தாங்க, எங்க தங்கினாங்க, எவ்வளவு நாள் இருந்தாங்க, எல்லாம்." லியோன் அண்ணன் அசையாமல் நின்றார். அவர்கள் வந்த வருஷம் எனக்குத் தெரியும், மாதம் தெரியாது. மாதத்தை அவள் சொல்லிவிட்டால் மிச்சக் கணக்கை நான் வாசல்படி இறங்குவதற்குள் முடித்துவிடுவேன், காகிதமே வேண்டாம், என் வாழ்நாளில் நான் செய்ததெல்லாம் அந்தக் கணக்கைச் செய்யப் பழகினதுதான். "எந்த..." என்று ஆரம்பித்தேன். அவள் குனிந்து காத்திருந்தாள். "எந்தப் பக்கம்மா வாசல்" என்றேன். லியோன் அண்ணன் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. அவள் வழிகாட்டிக்கொண்டு முன்னால் போனாள், அவர் அவள் பின்னால் திமிங்கலத்தின் விலையை விசாரித்துக்கொண்டு போனார். நான் அகல முகத்தின் முன்னால் கொஞ்சம் நின்றேன், எங்கள் பிதாவே என்கிற பரலோக மந்திரத்தை ஒருமுறை சொன்னேன். பிறகு ஒடுங்கின முகத்தின் முன்னால் போய் நின்று அதையே சொல்ல ஆரம்பித்தேன். "ஏல, அவன் ஆரோ எவனோ, அவன் முன்னால ஏம்ல நிக்க?" என்று கூடத்திலிருந்து கேட்டார். "ஆருக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு, நடுவில் நிறுத்தின மந்திரத்தை முதலிலிருந்து தொடங்கினேன்.